இன்னொரு கால்

ஆடுகளுக்கு என்னைப் பிடிக்கும். பெருமைக்காகச் சொல்லவில்லை. எங்கள் ஆஸ்பத்திரியின் ஆராய்ச்சிக் கொட்டகையில் நான் கதவைத் திறந்தால் போதும், எல்லாம் எழுந்து வந்து என் முழங்காலை முட்டும். கொட்டகைக்காரர் வருஷக்கணக்காகத் தீவனம் போடுகிறவர். அவரை ஏறிட்டும் பார்க்காது. அதில் அவருக்கு என் மேல் கொஞ்சம் மனத்தாங்கல் உண்டு.

காரணம் கேரட்தான். ஆராய்ச்சிக்கு வைத்த கெடு முடிகிற நாளில் அந்தந்த ஆட்டுக்கு என் கையால் ஒரு கேரட் கொடுப்பேன். தோல் சீவி, நுனி நறுக்கி. அது மென்றுகொண்டிருக்கும்போதே ஊசி. வாயில் நல்ல ருசியோடு போகட்டும் என்று. மற்ற ஆடுகள் சுற்றி நின்று பார்க்கும். அவற்றின் கண்ணுக்குத் தெரிவது கேரட் மட்டும்தான்.

“நீங்க கேரட்டோட வந்தா எனக்கே தொடை நடுங்குது சார்” என்பார் கொட்டகைக்காரர். வேடிக்கையான மனிதர். அவரை இதில் இழுக்காதீர்கள், அவருக்கு ஒன்றும் தெரியாது.

நான் எலும்பு டாக்டர். உடைந்த காலைக் கூட்டுவதும் தேய்ந்த மூட்டை மாற்றுவதும் பிழைப்பு. ஆராய்ச்சி ஆசைக்கு. எலும்பு நொறுங்கிப் பள்ளமாகிப்போன இடத்தில் நிரப்புவதற்கு ஒரு பசை செய்தேன். வெள்ளையாக இருக்கும். ஒரு காபி குடித்து முடிப்பதற்குள் இறுகிவிடும். பிறகு பக்கத்து எலும்பு மெல்ல மெல்ல அதற்குள் வளர்ந்து, பசை கரைந்து, அந்த இடமே எலும்பாகிவிட வேண்டும். பாதி வாழ்க்கை இதிலேயே போயிற்று. தலை நரைத்ததே அந்தக் கொட்டகையில்தான் என்று என் மனைவி சொல்வாள்.

செய்முறையைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் பின்னால் நடந்தது புரியாது. ஆட்டின் பின்னங்கால் இரண்டிலும் முட்டிக்குக் கீழே ஒரே அளவில் எலும்பில் ஒரு சில்லு எடுத்துவிடுவோம். ஒரு பள்ளத்தில் பசை. இன்னொன்றைச் சும்மா விட்டுவிடுவோம். அந்தச் சும்மா விட்ட கால்தான் முக்கியம். அதே ரத்தம், அதே தீனி, அதே வயசு. பசை இல்லாமல் தானாக எவ்வளவு கூடும் என்பதற்கு அதைவிட நேர்மையான சாட்சி கிடையாது. கெடு வந்ததும் இரண்டு எலும்பையும் எடுத்து, அமிலத்தில் ஊறப்போட்டு மெத்தென்று ஆக்கி, வெங்காயத் தோல் மாதிரி சீவி, கண்ணாடியில் ஒட்டிப் பார்ப்போம். எக்ஸ்ரே இதற்கு உதவாது. எலும்பும் வெள்ளை, பசையும் வெள்ளை. வெட்டிப் பார்த்தால்தான் உண்டு.

கெடுவைத் தாண்டவும் விடக்கூடாது. நாள் போகப் போகச் சும்மா விட்ட பள்ளமும் தூர்ந்து, இரண்டும் ஒன்றுபோல ஆகிவிடும். அப்புறம் பார்த்து என்ன பிரயோஜனம்?

இனி என் மைத்துனன். மனைவியின் ஒரே தம்பி. எல்லாரும் விசில் என்றுதான் கூப்பிடுவோம். கால்பந்து நடுவர். மைதானத்தில் ஊதுவது போதாதென்று வீட்டிலும் கழுத்தில் விசில் தொங்கும். சாப்பாட்டு மேஜையில் என் மனைவி எனக்கு ஒரு கரண்டி கூடப் பரிமாறினால் ஊதுவான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எங்கள் மாடியறையில் இருந்தான். எங்களுக்குக் குழந்தை இல்லை, அந்த இடத்தில் அவன் இருந்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் அவனிடம் அன்பாகத்தான் இருந்தேன். அதை முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

போன வருஷம் ஓர் ஆட்டத்தில், மழையில் ஊறிய மைதானத்துப் பள்ளத்தில் வலது காலை விட்டான். அவன் மேல் இரண்டு ஆட்டக்காரர்கள் விழுந்தார்கள். முட்டிக்குக் கீழே எலும்பு ரஸ்க் மாதிரி நொறுங்கியிருந்தது. அது விபத்து. அதில் எனக்குச் சம்பந்தம் இல்லை.

ஸ்ட்ரெச்சரில் படுத்துக்கொண்டு சிரித்தான். “அக்கா எனக்குக் கால்கட்டுப் போடணும்னு எத்தனை வருஷமா சொல்லிச்சு. நீங்கதான் அத்தான் நிஜமாவே போடப்போறீங்க.”

“உள்ளே பள்ளம் இருக்கு மாப்ளே. பசை வைக்கவா?”

“உங்க சுண்ணாம்பா? தாராளமா அடிங்க. ஆட்டுக்கு அப்புறம் நான்தானா?”

“நீதான்.”

“அப்போ எனக்கும் புல்லுக்கட்டு உண்டா?”

நாங்கள் இப்படித்தான் பேசிக்கொள்வோம். பசை வைத்து, தகடும் திருகாணியும் போட்டு மூடினேன். பிரமாதமாகக் கூடியது. எக்ஸ்ரேயில் பால் மாதிரி வெள்ளை. பருவம் திரும்புவதற்குள் தெருவில் மெதுவோட்டம் ஓட ஆரம்பித்துவிட்டான். என் மனைவி தேய்ந்த மூட்டோடு வாசல் வரை நடந்து வந்து, தம்பி ஓடுவதைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அந்தப் படங்களை எடுத்துக்கொண்டு குழுவின் முன் போனேன். மற்ற நோயாளிகளுக்கும் பசையைப் பயன்படுத்த அவர்கள்தான் அனுமதி தர வேண்டும். தலைவி சின்ன வயசு. நல்ல படிப்பு, நல்ல மரியாதை. படங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“சார், சும்மா விட்டிருந்தாலும் இவருக்குக் கூடியிருக்குமே? தினமும் ஓடுற ஆளு, நல்ல எலும்பு. உங்க பசைதான் கூட்டுச்சுன்னு எப்படிச் சொல்றது?”

அதில் தவறு ஒன்றும் இல்லை. நான் அந்த நாற்காலியில் இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன். கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டில் விசில்தான் ஆறுதல் சொன்னான். “விடுங்க அத்தான். அந்தம்மா கேட்டது நியாயம்தான். ஒரு டீம் மட்டும் இறங்கி கோல் போட்டா மேட்ச்சா அது? எதிர்ல ஒரு டீம் வேணும்ல?”

ஆக, யோசனை அவனுடையது. இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

வலது காலில் இருந்த தகட்டை எடுக்க வேண்டியிருந்தது. சின்ன வேலை. மயக்கம் கொடுத்து, தகட்டை எடுத்து, தையல் போட்டேன். பிறகு இடது காலுக்கு மருந்து தடவச் சொன்னேன்.

தியேட்டர் சிஸ்டர் என்னோடு நெடுநாள் வேலை பார்த்தவர். “சார், இது நல்ல காலு” என்றார்.

“தெரியும்மா. அதனாலதான்.”

“புரியலையே சார்.”

“வலது பக்கத்துல வைக்க இதுலேர்ந்து கொஞ்சம் எலும்பு வேணும்.”

ஒரு காலுக்கு இன்னொரு எலும்பிலிருந்து கடன் வாங்குவது எங்கள் தொழிலில் வழக்கம். ஆனால் வலது காலில் தையல் போட்டாகிவிட்டதே என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று யோசித்திருக்கிறேன். வலதில் இருந்த பள்ளத்தின் அளவுக்கே இடதில் எடுத்தேன். அளவில் நான் பிசகுவதில்லை. அந்தப் பள்ளத்தைச் சும்மா விட்டு மூடினேன். எடுத்த சில்லு குப்பைத் தட்டுக்குப் போயிற்று.

என் காலையே வெட்டிக்கொண்டிருக்கலாமே என்று கேட்பீர்கள். யோசித்தேன். என் மூட்டு தேய்ந்தது. தேய்ந்த மூட்டுக்காரன் காலை ஊன்றுகிற விதமே வேறு, அது கணக்கில் வராது. தவிர, கடைசியில் வெட்டிப் பார்ப்பது யார்?

எழுந்ததும் விசில் இரண்டு கட்டுகளையும் பார்த்தான். “என்ன அத்தான், சைடு மாறிட்டோமா?” என்றான். வலது காலுக்காகத்தான் என்று சொன்னேன். என் கையைப் பிடித்துக்கொண்டான். என் மனைவி அன்று என் தட்டில் ஒரு கரண்டி கூட வைத்தாள். அவன் ஊதவில்லை.

அதன் பிறகு அவனை நன்றாகப் பார்த்துக்கொண்டேன். பாலும் முட்டையும் மாடிக்கு நானே கொண்டுபோவேன். ஊன்றுகோல் பிடித்து நடக்க வைத்தேன். பிறகு கோலில்லாமல். இரண்டு கால்களையும் ஒரே அளவு ஊன்றுகிறானா என்று பின்னாலேயே நடப்பேன். “எந்த அத்தான் இப்படிப் பாப்பாரு?” என்று மனைவி பக்கத்து வீட்டில் சொல்லியிருக்கிறாள். அது உண்மைதான். யாரும் அப்படிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

அப்போதுதான் அவனுக்கு அந்த அழைப்பு வந்தது. இறுதி ஆட்டத்துக்கு அவன்தான் நடுவர். ஆயுள் முழுக்க அதற்காகத்தான் காத்திருந்தான். மாடியிலிருந்து கைப்பிடியைப் பிடிக்காமலே இறங்கி வந்து கேட்டான்.

“ஓடலாமா அத்தான்? உண்மையைச் சொல்லுங்க. ஓடக்கூடாதுன்னா இப்பவே போன் பண்ணிச் சொல்லிடறேன்.”

“என்னிக்கு ஆட்டம்?”

“ஞாயித்துக்கெழம.”

கெடு சனிக்கிழமை. நான் கொஞ்சம் யோசித்தேன், மறைக்கவில்லை. ஒரு நாள் தள்ளிப்போட்டால் என்ன என்றுகூட நினைத்தேன். ஆனால் ஓடினால் எலும்பில் புதிய அடி விழும். விழுந்துவிட்டால் எது பழையது எது புதியது என்று யார் பிரித்துச் சொல்வது? ஆட்டுக்குப் பார்க்காத தாட்சண்யத்தை மைத்துனனுக்குப் பார்த்தால் அது ஆராய்ச்சியே இல்லை.

“ஓடலாம்” என்றேன். மருத்துவர் என்ற முறையில் அது உண்மையான பதில். அவனால் ஓடியிருக்க முடியும்.

சனிக்கிழமை காலை மனைவி மூட்டுக்கு ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தாள். நான் மாடிக்குப் போனேன். அவன் கட்டிலில் உட்கார்ந்து பூட்ஸுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தான். சீருடையைத் தேய்த்து நாற்காலி முதுகில் போட்டிருந்தான். நாளைக்கு வலி தெரியாமல் இருக்க ஓர் ஊசி என்றேன். தட்டை மேஜையில் வைத்தேன். தட்டில் இருந்ததைப் பார்த்து அவன் சிரித்தான்.

“என்ன அத்தான், எனக்கும் கேரட்டா?”

அவனுக்குக் கொட்டகை தெரியும். எத்தனையோ முறை என்னோடு வந்து ஆடுகளைத் தடவிக் கொடுத்திருக்கிறான். ஆகவே கேரட் என்றால் என்ன என்பது அவனுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தும் எடுத்துக் கடித்தான். தெரிந்தும் கையை நீட்டினான். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வதில் தவறில்லை என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். “நல்லா இனிப்பா இருக்கு” என்றான். பூட்ஸ் ஒன்றுதான் பளபளத்தது. இன்னொன்றை நான் துடைத்து வைத்தேன்.

மாரடைப்பு என்று நானே எழுதிக் கொடுத்தேன். யாரும் எதுவும் கேட்கவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் குளிப்பாட்டும் சாக்கில் இரண்டு துண்டுகளையும் எடுத்தேன். காலியான இடத்தில் துடைப்பக் கட்டையை அளவாக நறுக்கி வைத்துத் தைத்தேன். பெட்டியில் கால்கள் இரண்டும் நேராக இருந்தன. சீருடையில்தான் அடக்கம் செய்தோம். என் மனைவி விசிலைக் கழுத்தில் மாட்டிவிட்டாள். “ரெண்டு காலும் சரியாயிடுச்சேன்னு எவ்வளவு சந்தோஷப்பட்டான்” என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் நின்றேன்.

எலும்பு ஊறுவதற்கு நாளாகும். காத்திருந்தேன். சீவி, சாயமேற்றி, கண்ணாடியில் வைத்துப் பார்த்தேன். ஒன்றில் பள்ளம் முழுக்க எலும்பு. அவ்வளவு அழகாக எந்த ஆட்டிலும் பார்த்ததில்லை. இன்னொன்றில் வெறும் ஓட்டை, ஓரத்தில் கொஞ்சம் தழும்பு. பசையும் அமிலத்தில் கரைந்துவிடும். எலும்பு வளராத இடத்தில் பசை இருந்தாலும் ஓட்டைதான், இல்லாவிட்டாலும் ஓட்டைதான்.

எலும்பு வளர்ந்திருந்த கண்ணாடியில் ‘இடது’ என்று என் கையெழுத்தில் இருந்தது.

இடது, சும்மா விட்ட கால்.

நான் ஒரு நாள் முழுக்க அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு விளங்கியது. எடுக்கும்போது அவனைக் குப்புறப் படுக்க வைத்திருந்தேன். குப்புறப் படுத்தால் இடது என் இடப் பக்கம், மல்லாந்தால் என் வலப் பக்கம். ஆயிரம் முறை செய்த கைதான், ஆனால் சொந்த மனிதன் இல்லையா? மனசு சரியில்லாத நேரம், கை மாறியிருக்கும். வேறெப்படியும் இருக்க முடியாது. தழும்பைப் பார்த்திருப்பேனே என்பீர்கள். இரண்டு காலிலும் தழும்பு இருந்தது.

யாரும் என்னைச் சந்தேகப்படவில்லை. நானாகத்தான் வந்தேன். ஏன் வந்தேன் என்பதுதான் உங்களுக்குப் புரியவில்லை என்று தெரிகிறது. விஷயம் எளிது. சீவியது போக மிச்சத் துண்டுகள் இரண்டும் என் பையில் இருக்கின்றன. குழியைத் தோண்டி, கட்டையை எடுத்துவிட்டு, எலும்பின் வெட்டு ஓரத்தோடு ஓரம் வைத்துப் பார்த்தால் எது எந்தக் காலுடையது என்று தெரிந்துவிடும். ஆனால் தோண்டுவதற்கு உங்கள் உத்தரவு வேண்டும். உத்தரவுக்குக் காரணம் வேண்டும். இவ்வளவு நேரம் நான் சொன்னது அந்தக் காரணம்தான்.

என் மனைவி வெளியே வண்டியில் இருக்கிறாள். அவளால் உங்கள் படியில் ஏற முடியாது. தம்பி சம்பந்தமாக ஒரு கையெழுத்து என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். நீங்களே போய்ச் சொன்னால் நல்லது. எனக்கு நேரமில்லை.

மழைக்கு முன்னால் தோண்டிவிட்டால் தேவலை. ஈர மண்ணில் வெட்டு ஓரம் மழுங்கிவிடும். அவனும் ஒன்றும் சொல்ல மாட்டான். யார் ஜெயித்தார்கள் என்று தெரியாமல் மைதானத்தை விட்டுப் போகிற ஆள் இல்லை அவன்.