உடைந்த ஊசியின் காது

— காது எங்கக்கா?

— என்ன காது?

— ஊசியோட காது. இந்த நோட்டைப் பாருங்க. நேத்து உடைஞ்ச ஊசியை மூணு துண்டா ஒட்டியிருக்கீங்க. மேல்கட்டை இருக்கு, நடுத்துண்டு இருக்கு. மூணாவது துண்டுல காதைக் காணோமே.

— அதுதான்டி முனை. மெஷினுக்கு அடியில காந்தத்தை விட்டு நானே எடுத்து ஒட்டினேன். பெரிய விசாரணைக்காரி! நீ என் கொழுந்தன் பொண்டாட்டிடி, எனக்கு மாமியார் இல்ல.

— விளையாடாதீங்கக்கா. மெஷின் ஊசிக்குக் காது முனையிலதானே இருக்கும்? இதுல ஓட்டையே இல்ல. இது ஏதோ கொக்கி உடைஞ்ச துண்டு. பாருங்க, வளைஞ்சிருக்கு.

— எங்க, குடு.

— தடவிப் பாருங்க.

— ஆமாடி, வளைஞ்சுதான் இருக்கு.

— ஊசி உடைஞ்சா எல்லாத் துண்டையும் பொறுக்கணும், நோட்டுல ஒட்டணும், முழு ஊசி சேர்ந்தாத்தான் அடுத்த ஊசியை மாட்டணும். இந்தச் சட்டத்தைப் போட்டதே நீங்கதான்.

— இரு, இரு, என்னைப் பதற வைக்காதே. இங்கதான் எங்கயாவது கிடக்கும். அந்தக் காந்தத்தை எடு. மேசைக்கு அடியில ஓட்டு. வெட்டுத் துணியை எல்லாம் உதறு.

— உதறிட்டேன். ரெண்டு குண்டூசியும் ஒரு கொக்கியும்தான் வந்துச்சு.

— பாபின் கூட்டுக்குள்ள?

— கழட்டிப் பார்த்துட்டேன். பஞ்சுதான் இருக்கு. அக்கா, ஊசி உடைஞ்சப்ப மெஷின்ல என்ன இருந்துச்சு?

— அதான் எழுதியிருக்கேனே, "நீலம், காலர்"னு. வாசிக்கத் தெரியாதா உனக்கு?

— அந்த ஃப்ராக் எட்டும் காலையிலேயே பள்ளிக்கூடத்துக்குப் போயிடுச்சே! மணி மூணரை. நாலு மணிக்கு ஆண்டு விழா மேடை ஏறணும். இந்நேரம் பிள்ளைங்க போட்டுட்டு நிப்பாங்க.

— எனக்குத் தெரியாதா?

— காலர்னா கழுத்துக்கா. நெளி லேஸ் மேல, துணி மூணு மடிப்பு. முனை அதுக்குள்ள போய்ச் சொருகிக்கிட்டா வெளியே தெரியவே தெரியாது. பிள்ளை தலையைத் திருப்பினாத்தான்...

— சொல்லாதே! வாயைக் கழுவு. எல்லாம் அந்த டீச்சர் கொண்டு வந்த போட்டோவால வந்த வினை. ரொம்பப் பழைய படம், கருப்பு வெள்ளை. "அந்தக் காலத்து ஃப்ராக், அச்சு அசலா அப்படியே வேணும்"னா. வட்டக் காலர், பஃப் கை, குடை மாதிரி விரியிற பாவாடை. அதோட விட்டிருக்கலாம். "எட்டுப் பிள்ளைக்கும் காலர்ல எட்டுக் கலர் நெளி லேஸ் வச்சா மத்தாப்பு மாதிரி இருக்கும்"னு நான்தான் வாயைக் குடுத்தேன்.

— இப்ப அதைப் பேசி என்ன ஆகப் போகுது?

— நேத்து நீ பக்கத்துல இருந்திருந்தா இது நடந்திருக்காது.

— அப்ப என் பொண்ணு சிட்டுவை ஒத்திகைக்கு யார் கூட்டிட்டுப் போறது?

— சரி, நீ எதுக்கு இன்னைக்கு நோட்டைத் திறந்தே? என்னைக்கும் அதைத் தொட மாட்டியே.

— சும்மாதான். தேதி பார்க்க. இப்ப அதா முக்கியம்? போன் போடுங்க. எட்டையும் கழட்டச் சொல்லுங்க.

— எட்டையுமா? திரை தூக்கப் போற நேரத்துல, நாங்க தைச்சதுல ஊசி இருக்குன்னு தண்டோரா போடவா? அப்புறம் யாருடி நம்ம கடைப் படி ஏறுவா? நோட்டுல நீலம்னு இருக்குல்ல, நீலத்தை மட்டும் பார்க்கச் சொல்றேன்.

— ஸ்பீக்கர்ல போடுங்க.

— ஹலோ, யாரு? ஏய், வரிசை, வரிசை! ஹலோ?

— டீச்சர், நான்தான், டைலர்.

— டைலரம்மா! என்ன அழகு, என்ன அழகு! பார்க்கிறவங்க எல்லாம் யார் தைச்சதுன்னு கேட்கிறாங்க. ஏய், லேஸைப் பிய்க்காதே! சொல்லுங்கம்மா.

— நீலக் காலர் யாரு போட்டிருக்கா?

— நம்ம வாயாடிதான். ஏன்?

— அதைக் கொஞ்சம் கழட்டணும் டீச்சர். உடனே. தலை வழியா உருவாதீங்க. பின்னாடி பட்டனை எல்லாம் அவிழ்த்துட்டு, தோள் வழியா மெதுவா கீழே இறக்குங்க. காலர் கழுத்துல உரசக் கூடாது.

— என்னம்மா இப்படிப் பயமுறுத்துறீங்க?

— ஒண்ணுமில்ல... ஒரு குண்டூசியை எடுக்க விட்டுட்டேனோன்னு சின்னச் சந்தேகம்.

— ஐயையோ! வாயாடி, அசையாதே! சிலை மாதிரி நில்லு! அழக் கூடாது, ஒண்ணுமில்லடா. ம்... கழட்டிட்டேன்மா.

— காலரை ரெண்டு விரலுக்கு நடுவுல வச்சு, இந்த ஓரத்துல இருந்து அந்த ஓரம் வரைக்கும் நெருடிப் பாருங்க. அழுத்தாதீங்க.

— பார்க்கிறேன், பார்க்கிறேன். ஒண்ணுமில்லையே.

— இன்னொரு தடவை.

— ரெண்டு தடவை பார்த்துட்டேன். மெத்துமெத்துன்னு இருக்கு. போட்டு விடட்டுமா? இந்தப் பொண்ணு அழுது மையை எல்லாம் கரைச்சுட்டா.

— போட்டு விடுங்க டீச்சர்.

— எனக்கே பாதி உயிர் போச்சும்மா. வச்சிடறேன்.

— அக்கா.

— ம்.

— நீலம்தான்னு நல்லா ஞாபகம் இருக்கா?

— கொஞ்சம் தண்ணி குடு.

— இந்தாங்க. பார்த்துக் குடிங்க, பாதித் தண்ணி புடவையில.

— சின்னவளே, திட்டாமக் கேளு. இந்த லேஸ் சுருள் என்ன கலரு?

— பச்சை.

— இது?

— அது நீலம்.

— எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்டி.

— என்னக்கா சொல்றீங்க?

— ஆறு மாசமா இப்படித்தான். கண்ணுல பாலாடை விழுந்த மாதிரி இருக்கு. வாசல் வெயில்ல கொண்டு போய்ப் பார்த்துட்டு வந்து தைப்பேன். நேத்து பார்த்து மழை மூட்டம். கேட்க நீயும் இல்ல. பச்சையைத்தான் நீலம்னு எழுதித் தொலைச்சுட்டேனோ என்னவோ.

— பச்சைக் காலர்...

— தெரியும்.

— பச்சை என் பொண்ணுக்கா! சிட்டு போட்டிருக்கா!

— தெரியும்டி, தெரியும்! டீச்சருக்குத்தான் மறுபடி போடப் போறேன்.

— போனைக் குடுங்க இப்படி. அடிக்குது, அடிக்குது, எடுக்க மாட்டேங்கிறாங்களே. ஓடிப் போனாலும் அரை மணி நேரம் ஆகும்.

— மறுபடி போடு.

— போட்டுட்டுத்தானே இருக்கேன்! ஆறு மாசம்! ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? கண்ணு தெரியாம ஊரான் பிள்ளைங்களுக்குத் தைச்சுக் குடுத்துட்டு, நோட்டுல கொக்கியை ஒட்டி வச்சிருக்கீங்களே, மனசு உறுத்தலையா?

— சொன்னா என்னடி ஆகும்? கையில இருக்கிற கத்தரியைப் பிடுங்கிட்டு மூலையில உட்கார வச்சிடுவீங்க. இந்த மெஷினை நம்பி ரெண்டு வீட்டு அடுப்பு எரியுது. பயந்துட்டேன். உன் காலைப் பிடிக்கிறேன், என்னை மன்னிச்சுடு.

— காலை எல்லாம் பிடிக்க வேணாம். எனக்கு மட்டும் இது தெரிஞ்சிருந்தா, உங்களை அந்த மெஷின் முன்னாடி உட்காரவே விட்டிருக்க மாட்டேன்.

— அடி, என்னை அடி. ஆனா போனை விடாதே.

— ஹலோ? ஏய், சத்தம்! யாரு?

— டீச்சர், சிட்டு எங்க? பச்சைக் காலர்! அவளை அசையாம நிறுத்துங்க!

— மறுபடியுமா? இங்கதான், திரைக்குப் பக்கத்துல நிக்கிறா. சிட்டு, வா இங்க. ஓடாதே, நடந்து வா! இந்தா, உங்க வீட்டுல பேசுறாங்க.

— என்கிட்ட குடு, நான் கேட்கிறேன். சிட்டு, என் தங்கம், பெரியம்மா பேசுறேன். கழுத்தைத் திருப்பாதே. காலர்ல எங்கயாவது குத்துதா?

— குத்தல பெரியம்மா.

— நிதானமா சொல்லு கண்ணு. பக்கத்துல? பின்பக்கம்?

— குத்தாது பெரியம்மா. அதை நான் காலையிலேயே எடுத்துட்டேன். குட்டியூண்டு முனை, ஓட்டையோட.

— எடுத்துட்டியா? என் சாமி! உனக்கு எப்படிடி தெரிஞ்சுது?

— டீச்சர் ஃப்ராக்கைக் கையில குடுத்ததும் தடவிப் பார்த்தேன். எப்பவும் பார்ப்பேனே. பென்சில் பெட்டியில போட்டு வச்சிருக்கேன், மத்ததோட.

— மத்ததோடயா?

— சிட்டு, போதும்டி! போனை டீச்சர்கிட்ட குடு.

— இரு சின்னவளே, குறுக்கே பேசாதே. நீ சொல்லு கண்ணு.

— பெரியம்மா தைச்சது எதையும் தடவிப் பார்க்காமப் போடக் கூடாதுன்னு அம்மா சொல்லியிருக்காங்கல்ல? பெரியம்மா, வாயாடி ரொம்ப அழுதுட்டா, அவளுக்கும் தடவிப் பார்க்கச் சொல்லிக் குடுக்கட்டுமா? வேற எந்தப் பிள்ளைகிட்டயும் சொல்லக் கூடாதுன்னு அம்மா சத்தியம் வாங்கியிருக்காங்க.