அத்தையின் விசிறியும் இரண்டாம் கணினியும்

விருந்து ஆறுவதையும் பொறுத்து அமர்ந்திருக்கும் தலைவர், போதகர் ஐயா அவர்களே; இரண்டாம் கணினியை இரவல் தந்த தலைமையாசிரியர் அவர்களே; பாடிப் பாடியே ஆலயக் கூரையை அரை அடி உயர்த்திய தாய்மார்களே; நம் தீவு வழக்கப்படி இடுப்பில் பாய் உடுத்தி எடுப்பாய் வந்திருக்கும் பெரியோர்களே; அந்தப் பாய்க்குள் மிட்டாய் பதுக்கியிருக்கும் என் தோழர்களே. உங்கள் அனைவரிடமும் அனுமதி வேண்டி, பதினாறு வயது சலோட்டே வணங்கி நிற்கிறேன்.

பின்வரிசையில் யாரோ "பன்னி, பன்னி" என்கிறீர்கள். கேட்கிறது. ஆம், போன வருடம் பாட்டு வரிகள் வரவேண்டிய சுவரில் பன்றிப் படத்தை வரவைத்த பாவி நான்தான். ஒரு மாதம் முற்றம் பெருக்கிப் பாவம் தீர்த்தேன். போதுமா?

ஆனால் போன வருடம் அதைவிடப் பெரிய துயரம் ஒன்று நடந்தது. வருடத்தில் ஒன்பது மாதம் ஆஸ்திரேலியாவில் தக்காளி பறிக்கும் என் அப்பா, பிள்ளைகள் வேத வசனம் ஒப்பிக்கும் மே மாதப் பிள்ளைகள் ஞாயிறன்று, தங்கை சேலா தன் வசனத்தைச் சொல்வதைப் பார்க்கக் கைப்பேசியோடு காத்திருந்தார். என்ன பார்த்தார்? வாய் திறந்த மகளைப் பார்த்தார். இருபது நிமிடம் அந்தத் திறந்த வாயையே பார்த்தார். படம் உறைந்துவிட்டது!

காரணம் என்ன? ஒரே கணினி சுவரில் வரிகளைக் காட்டியது, கேமராக்களை மாற்றியது, கடல் தாண்டியும் அனுப்பியது. சமைப்பவரே ஓடி ஓடிப் பரிமாறினால் மயங்கி விழமாட்டாரா? ஆகவே இவ்வருடம் சமைக்க ஒன்று, பரிமாற ஒன்று. முதல் கணினி படத்தையும் ஒலியையும் சேர்த்துத் தரும். ஒரு கம்பி, ஒரு சின்னப் பெட்டி, அவ்வழியே அது இரண்டாம் கணினிக்குப் போகும். இரண்டாவதற்கு ஒரே வேலை: அனுப்புவது. ஞாயிறன்று வேலை கூடாதென்பதால் நேற்று சனிக்கிழமையே எல்லாவற்றையும் இணைத்து, சரிபார்த்து, சந்தோஷமாய்த் தூங்கினேன்.

இன்று காலை இரண்டையும் இயக்கிவிட்டு முதல் கணினியில் அமர்ந்தேன். அப்போது வந்தார் ஃபோலோலா அத்தை. அப்பாவின் அக்கா. நம் ஊரில் அப்பாவின் அக்கா என்றால் யார்? அப்பாவே குரல் தாழ்த்தும் ஆள். பீடத்தருகே கம்பியும் கறுப்புமாய் ஒரு பொருளா என்று முகம் சுளித்தவர், தம் கையால் தட்டிச் செய்த மரப்பட்டைத் துணியால் இரண்டாம் கணினியை மரியாதையாகப் போர்த்தினார். நான் பார்த்தேன். வாய் திறந்தேனா? இல்லை. பன்றி காட்டத் தெரிந்த எனக்கு அத்தையிடம் பேசத் துணிவில்லை.

ஆராதனை பாதியில் அப்பாவின் செய்தி: "படம் நின்னு போச்சும்மா. சேலா முடிச்சிட்டாளா?"

சேலாவுக்கு முன் இன்னும் ஒரே ஒரு பிள்ளை. எழுந்து போய்த் துணியைத் தொட்டேன். அத்தை என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"கைய எடுடி. இன்னிக்கு என்னத்தக் காட்டப் போற, ஆட்டையா?"

"மெஷினுக்கு மூச்சு முட்டுது அத்தை."

"மெஷினுக்கு ஏதுடி மூச்சு?"

"தொட்டுப் பாருங்க அத்தை. அப்பாவுக்குப் படம் போகல."

தொட்டார். அடுப்புக் கல்லாய்ச் சுட்டது. தம் துணியைத் தாமே உருவினார். "மூணு மாசம் தட்டின துணி, ஒரு லேப்டாப்ப அவிச்சிருச்சே" என்று முணுமுணுத்துக்கொண்டே விசிறியை எடுத்து வீசத் தொடங்கினார். அவர் வீசினால் மற்றத் தாய்மார் சும்மா இருப்பார்களா? ஏழு விசிறி, ஒரு கணினி!

அது மறுபடி எழ நேரம் வேண்டுமே? பிரசங்க மேடையிலிருந்து போதகர் ஐயா எங்களைப் பார்த்தார். என்ன கேட்டார்? ஒன்றும் கேட்கவில்லை. "முன்ன பாடின பாட்ட இன்னொரு தடவ பாடுவோம். ஆறு சரணமும்" என்றார். வயிறு பசித்த சபை, ஒருவரும் முனகாமல், ஆறு சரணமும் பாடியது. ஐந்தாம் சரணத்தில் படம் மறுபடி அப்பாவுக்குப் போகத் தொடங்கியது.

சேலா வந்தாள். கூனிக் குறுகி நின்றாள். குரல் வரவில்லை. பிறகு, யாரும் சொல்லாமல், தானே நிமிர்ந்தாள், தானே தொடங்கினாள், ஒரு சொல் விடாமல் முடித்தாள். அவள் திரும்பி நடக்கும்போதுதான் என் கணினித் திரையில் அப்பாவின் செய்தி வந்தது: "நிமிர்ந்து நில்லும்மா. அப்பா பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

படம் கடலைத் தாண்ட இருபது வினாடி ஆகிறது, அன்பர்களே. அந்த இருபது வினாடியில் அந்தப் பிள்ளையைத் தாங்கியது யார்? விசிறிய கைகள் தாங்கின! பாடிய தொண்டைகள் தாங்கின! பசித்த வயிறுகள் தாங்கின! எட்டாத் தொலைவில் ஒரு தகப்பன் தவித்தபோது, எட்டும் தொலைவில் இருந்த நீங்கள் எல்லாரும் அவருக்குப் பதிலாக இருந்தீர்கள்.

போதகர் ஐயாவுக்கு நன்றி. பாடியோர்க்கு நன்றி. அத்தை, உங்களுக்கு நன்றி. அழாதீர்கள், கேமரா உங்கள் பக்கம்தான் இருக்கிறது. அப்பா, இதுவும் உங்களுக்கு இருபது வினாடி கழித்துத்தான் வரும். அதுவரை சேலா உங்களுக்குக் கையசைத்துக்கொண்டே நிற்பாள். எல்லோர்க்கும் வணக்கம்.