கேபிளைப் பிடுங்கிவிட்டுக் கைதட்டுவோம்

இந்த அகால நேரத்தில் எழுதி அனுப்புவதற்கு முதலில் மன்னித்துவிடுங்கள், பேக்கிங் அக்கா. நாளைக் காலை நானே மேடையேறியிருக்க வேண்டும். பிள்ளைக்குக் காய்ச்சல், மடியை விட்டு இறங்க மாட்டேன் என்கிறான். அதனால் என் பேச்சை எழுதி அனுப்புகிறேன். உங்கள் கணீர்க் குரலில் ஒரு வரி விடாமல் வாசியுங்கள். நடுவில் மேனேஜர் சார் இருமினாலும் நிறுத்தாதீர்கள்.

அவைக்குத் தலைமையேற்று, அருகில் ஒரு மின்விசிறியையும் வைத்துக்கொண்டிருக்கும் எங்கள் மேலாளர் அவர்களே! முன்வரிசையை முழுதாக நிரப்பியிருக்கும் மூத்த பொறியாளப் பெருமக்களே! பெட்டிகளைப் பெற்ற பிள்ளைபோல் துடைத்துத் துடைத்து அடுக்கிய சகோதரர்களே! பெற்ற பிள்ளையை யார் கையிலோ கொடுத்துவிட்டு வந்திருக்கும் என் தாய்மார்களே! உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

எதற்காகக் கூடியிருக்கிறோம்? குறைமாதக் குழந்தைகளைக் கதகதப்பாகக் காக்கும் நம் இன்குபேட்டர்களை லாரியேற்றி வழியனுப்பக் கூடியிருக்கிறோம். நாலு நல்ல வார்த்தை சொல் என்றுதான் என்னை அழைத்தீர்கள். சொல்கிறேன். இன்று அந்த லாரி கிளம்பக் கூடாது. அதுதான் எனக்குத் தெரிந்த நல்ல வார்த்தை.

அங்கே என்ன முணுமுணுப்பு? "ஆரம்பிச்சிட்டாடா" என்கிறீர்களா? ஆம் ஐயா, ஆரம்பித்துவிட்டேன்!

இந்தக் கட்டடத்தில் உள்பக்கம் தாழ்ப்பாள் உள்ள அறை ஒன்றே ஒன்று. அது சோதனை அறை. பிள்ளைக்குப் பால் எடுத்து வைக்க நான் தினமும் அங்கேதான் போகிறேன். முன்வரிசை ஐயாக்கள் நெளிய வேண்டாம். நீங்களும் பால் குடித்து வளர்ந்தவர்கள்தாம். நேற்று மதியம் என் கருவிக்குப் பிளக் பாயிண்ட் இல்லை. அங்கிருந்த எக்ஸ்டென்ஷன் ஒயரைச் சுவரிலிருந்து பிடுங்கினேன். மேஜைக் கணினியும் அணைந்தது, பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்த இன்குபேட்டரும் அணைந்தது. ஐயோ என்று பதறித் திரும்பச் செருகினேன். கணினி உறங்கிக்கொண்டே இருந்தது. இன்குபேட்டர் மட்டும் தானாக எழுந்தது. எழுந்து என்ன செய்தது? கீ... கீ... என்று அலறிவிட்டு ஹீட்டரை அணைத்துக்கொண்டு நின்றது!

மறுபடி போட்டேன். மறுபடி நின்றது. எல்லாச் சோதனையிலும் தேறியதாக நாம் மார்தட்டும் அதே பெட்டி, அவையோரே!

நானும் புரோகிராம் எழுதுகிறவள்தானே, காரணம் தேடிக் கணினியைத் திறந்தேன். அதில் ஒரு ஸ்கிரிப்ட், அதாவது தானாக ஓடும் கட்டளைப் பட்டியல். எழுதியவர் நம் தாடித் தம்பி. கூப்பிட்டுக் கேட்டேன்.

"இது எதுக்குப்பா?"

"அதுவாக்கா? சென்சார் ஃபங்ஷன்ல இருந்து ஒரு எரர் வந்துட்டே இருந்துச்சு. பெரிய தொல்லை. டீபக்கர்ல நிறுத்தி, ரெஜிஸ்டர்ல ஜீரோ எழுதிவிட்டேன். ஜம்முனு ஓடுது."

"ஒவ்வொரு தடவையுமா?"

"சேச்சே, யாரு தடவை தடவைக்கு உக்காந்து எழுதுறது? அதான் ஸ்கிரிப்ட்."

ரெஜிஸ்டர் என்பது, பேக்கிங் பிரிவு உறவுகளே, பிராசசரின் உள்ளங்கை. இப்போது கையாளும் எண்ணை அது அங்கேதான் வைத்திருக்கும். டீபக்கர் என்பது ஓடும் புரோகிராமை நடுவழியில் நிறுத்தி, மூடிய கையை விரித்துப் பார்க்கும் வசதி. பார்க்கலாம். வேண்டுமென்றால் இருக்கும் எண்ணை எடுத்துவிட்டு, நமக்குப் பிடித்த எண்ணை வைத்துக் கையை மூடியும் விடலாம். சூட்டை அளக்கும் சென்சார் பதில் சொல்லவில்லை என்று அந்தக் கையில் ஓர் எண் இருந்தது. தம்பி அதை எடுத்துவிட்டு, எல்லாம் நலம் என்று சுழியம் வைத்தார்.

படிக்கத் தந்த வசதியை வைத்துப் பிழையைப் படித்தோமா? பிழையின் வாயைப் பொத்தினோமா? காய்ச்சல் பார்க்கும் கருவியில் காட்டும் எண்ணை அழித்தால் என் பிள்ளையின் நெற்றி குளிருமா? சொல்லுங்கள்! ஒரு சந்தேகத்தைச் சரிபார்க்க ஒரு முறை எழுதிப் பாருங்கள், வேண்டாம் என்று யார் சொன்னது? நானும் எழுதுவேன். ஆனால் எழுதியதைக் குறிப்பேட்டில் எழுதிவைத்துவிட்டு, பிழை எங்கே என்று தேடப் போவேன். இங்கே தேடல் எங்கே?

சோதனை முடிவுகளைக் கணினி சேகரிப்பதால் எல்லாப் பெட்டியும் கணினியோடு இணைக்கும் கேபிளோடுதான் சோதிக்கப்பட்டது. ஒவ்வொரு முறையும் சென்சார் மௌனம் காத்தது. ஒவ்வொரு முறையும் கேபிள் அதற்காகப் பொய் சொன்னது. ஒவ்வொரு முறையும் நாம் பாஸ் போட்டோம்!

மேலாளரிடம் ஓடினேன். அவர் கேட்டது இவ்வளவுதான்.

"ஏம்மா, ஓடுதா இல்லியா?"

"கேபிள் இருந்தா ஓடுது சார்."

"அப்ப கேபிளையும் சேத்து அனுப்பிருவோம்."

"தாடித் தம்பியையும் சேத்து அனுப்பணும் சார். கம்ப்யூட்டரோட."

சிரித்தார். நானும் பாழாய்ப்போன மரியாதைக்குச் சிரித்தேன். அதற்குள் குழந்தைகள் காப்பகத்திலிருந்து ஃபோன், பிள்ளைக்கு உடம்பு கொதிக்கிறது என்று. பேச்சு பாதியில் நின்றது, லாரி நிற்கவில்லை.

தம்பியின் மேல் எனக்குக் கோபம் இல்லை என்று சொன்னால் அது பொய். இருக்கிறது, நிறைய. ஆனாலும் முடித்தாயா, முடித்தாயா என்று அவர் கழுத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் நாம். எப்படி முடித்தாய் என்று ஒருவராவது கேட்டோமா? சென்சார் கண் விழிப்பதற்கு முன்பே புரோகிராம் கேள்வி கேட்டுவிடுகிறது என்பது என் ஊகம். உறுதியாகத் தெரியாது. தெரிந்துகொள்ள எனக்கும் தம்பிக்கும் சில நாள் கொடுங்கள். கையில் குழந்தையோடாவது வந்து உட்காருகிறேன்.

ஏதோ ஒரு வார்டு. உள்ளங்கை அளவு பிள்ளை. மின்சாரம் போய் வருகிறது. பெட்டி எழுகிறது, அலறுகிறது, ஹீட்டரை அணைக்கிறது. அங்கே கேபிள் உண்டா? கணினி உண்டா? சுழியம் எழுதத் தம்பி உண்டா? அந்தத் தாய் யாரிடம் போய், ஓடுதா இல்லியா என்று கேட்பாள்?

மேலாளர் அவர்களே, உங்களுக்கு வலப்பக்கம் ரிப்பன் கட்டிய இன்குபேட்டர் ஒன்று நிற்கிறது. நீங்கள் கைகாட்டியதும் எல்லோரும் தட்டுவதற்காக. தயவுசெய்து எழுந்திருங்கள். அதன் பின்னாலிருந்து கணினிக்குப் போகும் சாம்பல் நிறக் கேபிளைப் பிடுங்குங்கள். ஸ்விட்சை அணைத்துப் போடுங்கள். அது அமைதியாக ஓடினால், நான் சொன்னதெல்லாம் பிதற்றல். தட்டுங்கள், லாரி போகட்டும். அலறினால் ஒரு பெட்டிகூட வாசலைத் தாண்டக் கூடாது.

பொறுமையாகக் கேட்டவர்களுக்கும் பொறுமையிழந்து கேட்டவர்களுக்கும் நன்றி. வணக்கம்.

அக்கா, இதற்குமேல் வாசிக்க வேண்டாம், இது உங்களுக்கு மட்டும். கூட்டம் முடிந்ததும் சொல்லுங்கள்: அவர் எழுந்தாரா, பெட்டி அலறியதா, லாரி நின்றதா? அவர் எழவில்லையென்றால் நீங்களே பிடுங்கிவிடுங்கள். எனக்குச் சீக்கிரம் பதில் போடுங்கள்.