இருவருக்கு ஒரு கடற்கரை அறை

குடியிருப்பின் குறைகளையெல்லாம் குனிந்த தலையோடு கேட்டு நிமிர்ந்த நெஞ்சோடு தீர்த்துவைக்கும் சங்கத் தலைவர் அவர்களே, முன்வரிசையை முன்னதாகவே வந்து பிடித்துக்கொண்ட மூத்தோர்களே, தோளில் உறங்கும் பிள்ளை விழிக்காமல் கைதட்டக் கற்றுக்கொண்ட தாய்மார்களே, மின்விசிறிக்கு நேர்கீழே இடம் கிடைத்த பாக்கியசாலிகளே, உங்கள் அனைவரையும் வணங்கி மகிழ்கிறேன்.

நான் வங்கியின் கடன் அட்டைப் பிரிவில் தொலைபேசி எடுப்பவள். உங்கள் அட்டையின் பின்பக்கம் பொடி எழுத்தில் ஓர் எண் இருக்கிறதே, அதன் மறுமுனையில் இருப்பவள். என்ன சொல்கிறீர்கள் ஐயா, எப்போது கூப்பிட்டாலும் பாட்டுத்தான் கேட்கிறதா? உண்மைதான். என் கனவிலும் அந்தப் பாட்டுத்தான் ஓடுகிறது.

மோசடி மின்னஞ்சலைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். அறிவுரையை அடுக்கினால் பாதிப்பேர் உறங்கிவிடுவீர்கள். ஆகவே ஓர் அம்மாவைப் பற்றிச் சொல்கிறேன். அவரிடம் அனுமதி வாங்கிவிட்டேன்.

அவர் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். கணவர் கண்ணாடி தேய்த்துக் கொடுப்பார், இவர் பிரேமில் பொருத்துவார். கடலைப் பார்க்க வேண்டும், கடலைப் பார்க்க வேண்டும் என்று கல்யாணமான நாளிலிருந்து இருவரும் பேசினார்கள். கடையைப் பூட்ட மனம் வரவில்லை. போன மழைக்காலத்தில் கணவர் இந்த உலகை விட்டே போய்விட்டார். கடல் அங்கேயேதான் இருந்தது.

ஒரு மதிய நேரம். தெருவில் ஆள் இல்லை. சுவர் நிறையக் கண்ணாடிகள். அவற்றில் புகுந்த வெயில் தரையில் வட்டம் வட்டமாக விழுந்து மெல்ல நகர்கிறது. அம்மாவுக்கு அரைத்தூக்கம். அப்போது கணவரின் முகவரிக்கு ஒரு மின்னஞ்சல் வருகிறது. அந்த முகவரியை அம்மா இன்னும் மூடவில்லை.

“அன்புள்ள வாடிக்கையாளரே, உங்கள் கடன் அட்டையில் நேற்றுக் கடற்கரை விடுதி ஒன்றில் இருவருக்கான அறை பதிவாகியுள்ளது. இது நீங்கள் இல்லையென்றால் உடனே கீழே அழுத்தி அட்டை எண்ணை உறுதிசெய்யுங்கள். தவறினால் கணக்கு முடக்கப்படும்.”

உங்களைக் கேட்கிறேன். கணக்கு வைத்திருக்கும் வங்கிக்கு உங்கள் பெயர் தெரியாதா? அட்டையைக் கொடுத்தவனே அட்டை எண்ணைக் கேட்பானா? அச்சத்தைக் கொடுத்து அவகாசத்தைப் பறிப்பவன் அன்புள்ளவனா? அனுப்பியவர் முகவரியில் எங்கள் வங்கியின் பெயருக்குப் பின்னால் வால் போல ஏதேதோ தொங்கியதே, அது எதற்கு? அழுத்தினால் எங்கள் பக்கம் போலவே ஒரு போலிப் பக்கம் திறக்கும். எண்ணைக் கொடுத்தால் கணக்கைத் துடைத்துவிடுவார்கள். இருவர் பெயரிலும் உள்ள அந்தக் கணக்கில்தான் அம்மாவின் கடையே ஓடுகிறது.

அவர் அழுத்தவில்லை. விவரம் தெரிந்தா? இல்லை. அழுத்தினால், அறை எடுத்தது கணவர் இல்லை என்று தன் விரலாலேயே சொன்னதாகிவிடும். அதற்கு அம்மாவுக்கு மனம் வரவில்லை. எங்கோ ஒரு கரையில் கணவர் அறை எடுத்துக் காத்திருக்கிறார் என்றே கொஞ்ச நேரம் நம்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சிரிக்காதீர்கள் தம்பி. பிரிந்தவர் பெயரில் ஒரு செய்தி வந்தால் நீங்களும் நம்பத்தான் பார்ப்பீர்கள்.

பிறகு மேசை இழுப்பறையிலிருந்து கணவரின் அட்டையை எடுத்தார், திருப்பினார், அங்கிருந்த எண்ணைக் கூப்பிட்டார். நான் எடுத்தேன்.

“அந்த ரூம் எந்த ஊர்லன்னு மட்டும் பாத்துச் சொல்றீங்களாம்மா? ஜன்னல் கடல் பக்கம் இருக்கா?”

கணக்கைப் பார்த்தேன். “அப்படி எந்தச் செலவும் இல்லம்மா. அது ஏமாத்து மெயில். எதையும் அழுத்தாதீங்க.”

“யாருமே ரூம் போடலையா?”

“இல்லம்மா.”

“சரி” என்று வைத்துவிட்டார். நாள் முழுதும் இல்லை, இல்லை என்று சொல்வதே என் தொழில். அந்த ஓர் ‘இல்லை’ மட்டும் எனக்கு வலித்தது.

சில வாரம் போயிற்று. அந்தக் கணக்கின் மேல் நான் ஒரு கண் வைத்திருந்தேன். அதே கணக்கில், அம்மாவின் அட்டையில், ஒரு கடற்கரை விடுதி, இருவருக்கான அறை. இம்முறை உண்மையான பதிவு. திருடன் எண்ணைப் பிடித்துவிட்டானோ என்று பதறி நானே கூப்பிட்டேன்.

“வங்கியிலேருந்து பேசறேம்மா. உங்க கார்டுல...”

“நீங்க வங்கின்னு எனக்கு எப்படித் தெரியும்? போனை வைங்க. கார்டு பின்னாடி இருக்கிற நம்பருக்கு நானே கூப்பிடறேன்.”

வைத்துவிட்டார், என்னிடமே. அவமானப்பட்டேனா? அந்த நாற்காலியில் உட்கார்ந்த நாளாய் அவ்வளவு ஆனந்தப்பட்டதில்லை. வரிசையில் நின்று, பாட்டு முழுவதையும் கேட்டுவிட்டு வந்தார். பக்கத்து இருக்கைக்கு வந்த அழைப்பை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

“இப்ப சொல்லுங்க.”

“ரெண்டு பேருக்கு ரூம் போட்டிருக்கு. அது நீங்கதானாம்மா?”

“நான்தான். நாத்தனாரும் கடலைப் பாத்ததில்ல, கூட்டிட்டுப் போறேன். ஜன்னல் கடல் பக்கம்தான், கேட்டுட்டேன்.”

பெருமக்களே, அச்சம் வந்தாலும் பொறுங்கள், ஆசை வந்தாலும் பொறுங்கள், அன்பே வந்து அழைத்தாலும் ஒரு நிமிடம் பொறுங்கள். அவர்கள் காட்டும் வழியில் போகாதீர்கள். உங்கள் கையிலுள்ள அட்டையைத் திருப்பி நீங்களே கூப்பிடுங்கள். நான் கூப்பிட்டாலும் நம்பாதீர்கள்.

பொறுமையாகக் கேட்ட உங்களுக்கும், உறங்கியபடியே ஒத்துழைத்த பிள்ளைகளுக்கும் நன்றி. பாட்டு கொஞ்சம் நீளம்தான். அது முடிகிற இடத்தில் நான் இருப்பேன். வணக்கம்.