ஒரு மணி நேர ஓட்டம்

அந்தப் பேய் விளையாட்டை நான் மொத்தம் அறுபத்திரண்டு மணி நேரம் ஓட்டியிருக்கிறேன். அதன் கதை என்னவென்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஒரு பழைய மருத்துவமனை, நீண்ட நடைபாதை, ஈரமான தரை, மேலே விட்டுவிட்டு எரியும் விளக்கு. நான் பார்த்தது அவ்வளவுதான். ஈரத் தரையில் விளக்கு பிரதிபலிக்கும் இடத்தில்தான் கிராபிக்ஸ் கார்டு மிகவும் திணறும். அதனால் ஒவ்வொரு கார்டையும் மாட்டி, அதே நடைபாதையில் அதே வேகத்தில் நடப்பேன். நொடிக்கு எத்தனை படம் வருகிறது, கார்டு எவ்வளவு சூடாகிறது என்று குறித்துக்கொள்வேன். மூன்றாவது கதவிலிருந்து ஒரு பெண் பாய்ந்து வருவாள். அவள் வருவது சோதனைக்கு நல்லது. அவளுடைய விரித்த தலைமுடியை வரைவதற்குள் சாதாரணக் கார்டு படுத்துவிடும்.

எனக்கு அந்த விளையாட்டில் பயம் வந்ததே இல்லை. இதை முதலில் சொல்லிவிடுகிறேன், மேடம், ஏனென்றால் பதினான்கு லட்சம் பேர் வேறு மாதிரி நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

நேற்று ஸ்டேஷனில் நீங்கள் கனிவாகப் பேசினீர்கள். "ஆளு மாறிப்போயதல்லே, மோளே?" என்று கேட்டீர்கள். வக்கீலும் அதையேதான் சொல்கிறார். வெங்கிட்டுவுக்கு ஒரு பாடம் கற்பிக்க நினைத்தாய், உள்ளே இருந்தது அம்ருதா என்று உனக்குத் தெரியாது, அப்படியே சொல் என்கிறார். இருவரும் என் நன்மைக்குத்தான் சொல்கிறீர்கள். ஆனால் நான் பௌதிகம் படித்தவள். அளவெடுப்பது என் வேலை. என் பெயரோடு தவறு என்ற சொல்லைச் சேர்ப்பதற்கு முன்னால் நடந்ததைக் கேளுங்கள்.

மட்டாஞ்சேரி பஜாரில் சுக்குக் கிடங்குக்குப் பின்னால் இருக்கிறது அவர்கள் வீடு. மாடியில் ஒரே ஒரு அறை. கணினிப் பாகங்களைச் சோதித்துச் சொல்லும் யூடியூப் சேனல் அங்கிருந்துதான் நடக்கிறது. கேமரா முன்னால் நின்று பேசுவது வெங்கிட்டு. நேரில் நான் அவனை வெங்கிட்டு அண்ணா என்பேன். வீடியோவை வெட்டி ஒட்டி ஏற்றுவது அவன் தங்கை அம்ருதா. எண்கள் என்னுடையவை. அம்ருதாவும் நானும் கல்லூரியில் ஒரே வகுப்பு. புது ஆட்கள் முன்னால் எனக்குப் பேச்சு வராது என்று அவளுக்குத் தெரியும். "நீ கேமரா முன்னாடி வரவே வேண்டாம்டீ. உன் நம்பர் வந்தா மதி, அது போதும்" என்று சொல்லித்தான் என்னை அங்கே அழைத்துப் போனாள்.

அறையின் ஜன்னல்களில் கறுப்புக் காகிதம் ஒட்டியிருக்கும். சத்தம் வெளியே போகாமலிருக்கச் சுவரெல்லாம் ஸ்பாஞ்ச். பின் வராந்தாவிலிருந்து காற்றை உள்ளே இழுக்கச் சுவரில் ஒரு சின்ன விசிறி. ஒவ்வொரு கார்டுக்கும் கடைசியில் ஒரு மணி நேர ஓட்டம் உண்டு. யாராவது ஒருவர் ஹெட்போன் மாட்டிக்கொண்டு முழு மணி நேரம் விளையாட வேண்டும். அதுவரை யாரும் கதவைத் திறக்கக் கூடாது. திறந்தால் அறையின் சூடு மாறிவிடும், கணக்கு கெட்டுவிடும். அந்த விதியைப் போட்டது நான். கதவில் எழுதி ஒட்டியதும் நான். ஓட்டம் நடக்கும்போது நான் கீழே உட்கார்ந்து, கார்டின் வேலை ஏறி இறங்குவதைக் காட்டும் கோட்டை லேப்டாப்பில் பார்த்துக்கொண்டிருப்பேன். பெரும்பாலும் விளையாடுவது வெங்கிட்டு. அவன் பயந்து கத்துவது வீடியோவுக்கு வேண்டும்.

மே மாதம் ஒரு மத்தியானம் நான் நடைபாதையில் நடந்துகொண்டிருந்தேன். மூன்றாவது கதவுக்கு இன்னும் தூரம் இருந்தது. ஐஸ் தண்ணீரில் நனைத்த கை ஒன்று பின்னாலிருந்து என் கழுத்தைப் பிடித்தது. விளையாட்டில் எது எப்போது வரும் என்று எனக்குத் தெரியும். கை வரும் என்று தெரியாது. கத்தினேன். நாற்காலியோடு விழுந்தேன். என் சுடிதாருக்கு என்ன ஆயிற்று என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கமெண்டில் எல்லாரும் எழுதியிருக்கிறார்கள்.

விளக்கைப் போட்டபோது வெங்கிட்டு கேமராவோடு நின்று சிரித்துக்கொண்டிருந்தான். "எந்தொரு எக்ஸ்பிரஷன், சங்கரி. காசு கொடுத்தாலும் கிடைக்காது" என்றான். கை அம்ருதாவுடையது. அவள் உடனே என்னைக் கட்டிப்பிடித்து "ஸாரிடீ, ஸாரிடீ" என்றாள். துண்டு எடுத்துக்கொண்டு வந்தாள். அதனால் அவள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

அந்த வாரமே வீடியோ வந்துவிட்டது. படகுத் துறையில் பையன்கள் என்னைப் பார்த்தால் கழுத்தைப் பிடித்துக்கொண்டு கத்துவார்கள். பேடிச்சேச்சி என்று பெயர் வைத்தார்கள். மலையாளத்தில் பேடி என்றால் பயம். ரேஷன் கடையில் ஒரு அம்மாள் என் கையைப் பிடித்து, "சாரமில்ல மோளே, சின்ன வயசில எனக்கும் அப்படித்தான்" என்றாள். ஆறுதலாகத்தான் சொன்னாள். வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பி என் உடையைப் பார்த்தார்கள். அம்மா கோயிலுக்குப் போவதை நிறுத்தினாள். காரணம் சொல்லவில்லை.

களமசேரியில் ஓர் ஆய்வகத்தில் உதவியாளர் வேலைக்கு நேர்முகம் வந்தது. லேசர் வேலை. அதற்காகத்தான் நான் நான்கு வருஷமாகப் படித்தேன். மேஜைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். ஒருவர் போனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், போனைப் பக்கத்திலிருந்தவரிடம் தள்ளினார். "இங்கே இருட்டு அறையில் வேலை பார்க்கணும். பேடி ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டார். மூவரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்த வேலை எனக்கு இல்லை என்று அங்கேயே தெரிந்துவிட்டது.

எனக்கு வேண்டியது ஒன்றுதான். அந்த வீடியோ போக வேண்டும். வெங்கிட்டு முதலில் மறுத்தான். "சேனல் இப்போதான் தலை தூக்கியிருக்கு, ஒரு மாசம் பொறு" என்றான். இது உங்களுக்குத் தெரியும், அவனே சொல்லியிருக்கிறான். களமசேரியிலிருந்து திரும்பிய அன்று நான் மறுபடி போய் அவன் முன்னால் நின்றேன். "எடுத்துடுங்கோ, அண்ணா" என்று மட்டும் சொன்னேன். "சரி. அம்ருதா கிட்டச் சொல்லு, பாஸ்வேர்ட் அவ கையிலதான். நான் சொன்னேன்னு சொல்லு" என்றான். இதை நீங்கள் என்னிடம் கேட்கவில்லை.

அம்ருதா கப்பைக்கிழங்கு வறுவல் தின்றுகொண்டிருந்தாள். "எடுக்கறதா? பைத்தியமா நோக்கு?" என்றாள். "அண்ணாக்கு என்ன தெரியும். அதுல நீ எவ்வளவு அழகாக் கத்தறே தெரியுமாடீ? நான் தினம் ஒரு தடவை பார்க்கறேன்." வேலை போனதைச் சொன்னேன். "நோக்கு ரோஷம் ஜாஸ்தி" என்று வறுவல் எண்ணெய்க் கையால் என் கன்னத்தைக் கிள்ளினாள். மறுநாள் என் கத்தலை மட்டும் தனியே வெட்டித் தன் போனுக்கு ரிங்டோனாக வைத்துக்கொண்டாள். அவள் போன் அடிக்கும்போதெல்லாம் நான் கத்தினேன். காய்கறிக் கடையில், பஸ்ஸில், அவர்கள் வீட்டுக் கூடத்தில் நான் கத்தினேன். அவள் சுபாவம் அப்படி. எனக்கு அவள் மேல் கோபம் இல்லை.

அன்றைக்கு ஜூலை மழை. காலையிலேயே கரன்ட் போய்விட்டது. ஜெனரேட்டர் கீழே பின்கட்டில் இருக்கும், அங்கிருந்து மாடிக்கு ஒயர் போகும். மழை வந்தால் நனையாத இடத்தில் எடுத்து வை என்று வெங்கிட்டு எல்லார் காதிலும் விழும்படிப் பலமுறை சொல்லியிருக்கிறான். அதனால் எடுத்து வைத்தேன். கனமானது. ஒவ்வொரு படியாகத் தனியே தூக்கி மாடிக்குக் கொண்டுபோனேன். பின் வராந்தாவில், சுவர் விசிறிக்குப் பக்கத்தில் வைத்தேன். புகைக்குழாய் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பதில் எனக்குக் குழப்பம் இருக்கவில்லை. அந்தப் புகையில் இருப்பது கார்பன் மோனாக்சைடு, மூடிய அறையில் அது ஆளை என்ன செய்யும் என்று பள்ளிப் பாடத்திலேயே இருக்கிறது. இதையெல்லாம் ஏற்கெனவே ஒப்புக்கொண்டுவிட்டேன்.

பிறகு கீழே வந்து லேப்டாப் முன்னால் உட்கார்ந்தேன். இங்கிருந்துதான் உங்கள் அறிக்கை தவறுகிறது, மேடம்.

உள்ளே விளையாடுவது யார் என்று கோட்டைப் பார்த்தாலே எனக்குத் தெரியும். வெங்கிட்டு சும்மா நிற்க மாட்டான், திரும்பிக்கொண்டே இருப்பான். அவன் கோடு ரம்பப் பல் மாதிரி இருக்கும். அம்ருதா சுவரை ஒட்டி மெதுவாக நகர்வாள். ஒவ்வொரு கதவுக்கு முன்னாலும் நின்றுவிடுவாள். உண்மையில் பயந்தவள் அவள்தான். அன்று கோடு மெதுவாக ஏறியது, நின்றது, இறங்கியது, மறுபடி நின்றது. முதல் கதவுக்கு வருவதற்குள்ளேயே தெரிந்துவிட்டது.

இடைவெளிகள் நீண்டுகொண்டே போயின. ஒரு இடத்தில் அவள் ஒரு சுவரைப் பார்த்தபடி நின்றாள். அதன் பிறகு நகரவில்லை. வெறும் சுவரைப் பார்த்து நின்றால் கார்டுக்கு வேலை குறைவு. கோடு நேராகப் போனது. அவ்வளவு சீரான கோட்டை அந்தக் கார்டில் நான் பார்த்ததில்லை.

அப்போது நீலாம்பாள் மாமி, அவர்களுடைய அம்மா, சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "ஆச்சா? சாயா ஆறிண்டிருக்கு" என்றாள்.

"இன்னும் பதினஞ்சு நிமிஷம் இருக்கு, மாமி" என்றேன்.

"அப்படி என்னதான் ஓட்டமோ" என்று சொல்லிவிட்டு டம்ளரை ஒரு தட்டால் மூடி வைத்தாள். உள்ளே இருப்பது யார் என்று மாமி கேட்கவில்லை. கதவு பூட்டியிருக்கவும் இல்லை. மாமியோ நானோ கைவைத்துத் தள்ளினால் திறந்திருக்கும். நான் ஓட்டம் முடியும்வரை உட்கார்ந்திருந்தேன். சராசரியைக் குறித்துக்கொண்டேன்.

வெங்கிட்டு வெளியே போனது எனக்குத் தெரியாது என்று எழுதியிருக்கிறீர்கள். மழைக் கோட்டைப் போட்டுக்கொண்டு அவன் என்னிடம் சொல்லிவிட்டுத்தான் போனான். வல்லார்பாடத்தில் அவனுக்கு ஒரு பார்சல் வந்திருந்தது. "இன்னைக்கு ஓட்டம் வேண்டாம், நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்றான். சரி என்றேன். அவன் ஸ்கூட்டர் சத்தம் தெரு முனையைத் தாண்டிய பிறகுதான் ஜெனரேட்டரில் கை வைத்தேன்.

அதனால் அந்தக் கோட்டைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டிய தேவைகூட எனக்கு இருக்கவில்லை. ஜெனரேட்டரை ஓடவிட்டு, கூடத்துக்குப் போய் அம்ருதாவைக் கூப்பிட்டேன். அண்ணா இல்லை, இன்றைக்கு நீதான் விளையாட வேண்டும் என்றேன். தனியாக முடியாது என்று சிணுங்கினாள். கூட்டிக்கொண்டு போனேன். "கீழேயேதானே இருப்பே?" என்று கேட்டாள். இருப்பேன் என்றேன். ஹெட்போனை நானே மாட்டிவிட்டேன், கூந்தல் மாட்டிக்கொள்ளாமல் ஒதுக்கியும் விட்டேன்.

எனக்கு அவள் மேல் கோபம் இல்லை என்று சொன்னேன். அதை மட்டும் நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டாம். ஆள் மாறவில்லை, மேடம். அந்த நாற்காலியில் அம்ருதாவை உட்கார வைத்தது நான்.