குடை அத்தை யாரைப் பார்க்க வந்தாங்க?

மகள்: ...அந்த ஒரு கேள்விக்குத்தாம்மா பதில் வரல. தூங்கிட்டியா?

அம்மா: கண்ணைத்தான் மூடியிருக்கேன். இந்த மழைச் சத்தம் ஆளை அப்படியே மிதக்க விடுது... என்ன கேள்வி?

மகள்: நாளைக்கு இண்டர்வியூல கேப்பாங்க. ஏன் சோஷியல் வொர்க் படிக்க வந்தீங்கன்னு.

அம்மா: அதைத்தான் நானும் கேட்டுக் கேட்டு ஓய்ஞ்சு போயிட்டேன். ஊரார் வீட்டுக் கதவைத் தட்டி, உங்களுக்கு என்ன கஷ்டம்னு கேக்குறது ஒரு வேலையாடி?

மகள்: அம்மா... குடை அத்தையை ஞாபகம் இருக்கா?

அம்மா: ...எந்த அத்தை?

மகள்: நடிக்காதே. வெயில் காலத்துலயும் குடையோட வருவாங்களே! கூடத்துல அதை விரிச்சு வைப்பாங்க, நான் அடியில புகுந்துக்குவேன். துணி வழியா வெளிச்சம் கசியும்... நீங்க ரெண்டு பேரும் நிழலா அசைவீங்க.

அம்மா: அப்ப நீ இத்தனூண்டு. கனவு கண்டிருப்பே.

மகள்: கனவுல வெங்காய வாசனை வருமா? நீ வெங்காயம் உரிப்பே, அவங்களும் கூட உரிப்பாங்க. பேச்சே இருக்காது. ரெண்டு பேரும் கண்ணைத் துடைச்சுக்குவீங்க.

அம்மா: காரமான வெங்காயம்.

மகள்: யாரும்மா அவங்க?

அம்மா: சொல்லியிருக்கேனே. தையல் சொல்லிக் கொடுக்க வந்தவங்க.

மகள்: உனக்கு இன்னிக்கு வரைக்கும் பட்டன் தைக்கத் தெரியாது!

அம்மா: சொல்லித்தான் கொடுத்தாங்க. எனக்கு ஏறல.

மகள்: எனக்குத் தெரியும்மா.

அம்மா: ...என்ன தெரியும்?

மகள்: நான் இந்த வீட்டுக்கு எப்படி வந்தேன்னு. நான் கைக்குழந்தையா இருந்த போட்டோ எதுலயும் நீ என்னைத் தூக்கி வெச்சிருக்கல. எல்லாத்துலயும் பெரியம்மாதான். அப்புறம் அந்த அத்தை, மாசாமாசம்... தத்துக் கொடுத்த பிள்ளையை சோஷியல் வொர்க்கருங்க அப்படித்தான் வந்து பார்த்துட்டுப் போவாங்களாம்.

அம்மா: அடிப்பாவி...

மகள்: எனக்கு வருத்தமே இல்லம்மா, சத்தியமா. இப்படி ஒரு அம்மாகிட்ட என்னைக் கொண்டாந்து விட்டவங்க அவங்கதானே? அந்த வேலையைத்தான் நானும் செய்யணும். நாளைக்கு இதைச் சொல்லிடவான்னு கேக்கத்தான்... அழறியா?

அம்மா: இத்தனை வருஷமா இதை மனசுல போட்டுக்கிட்டா திரிஞ்சே, லூசு?

மகள்: நீ மட்டும் என்னவாம்?

அம்மா: கையைக் கொடு. இங்க... அடிவயித்துல. தொட்டுப் பாரு.

மகள்: தழும்பு...

அம்மா: நீ வந்த வழி.

மகள்: அப்ப... அவங்க யாரைப் பார்க்க வந்தாங்க?

அம்மா: என்னை. நீ பொறந்ததும் எனக்குள்ள ஏதோ அணைஞ்சு போச்சுடி. நீ அழுதா, பக்கத்து வீட்டுக் குழந்தை அழற மாதிரி இருக்கும். உன்னைத் தொடவே பயம். ஆஸ்பத்திரியிலதான் அவங்களை அனுப்பினாங்க; நீ ஓடி விளையாடற வரைக்கும் வந்துட்டிருந்தாங்க. நீயும் ஒரு நாள் இப்படி ஒருத்தி வீட்டுக்குப் போவே, அவளைப் பார்த்து என்னைக் கண்டுபிடிச்சிடுவே... அதான் இந்தப் படிப்பே வேணாம்னேன். குழந்தையைத் தூக்குன்னு அவங்க ஒரு தடவைகூடச் சொன்னதில்ல. ஒரு நாள் உன்னை வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தவங்க, “கை வலிக்குது, கொஞ்ச நேரம் பிடிங்களேன்”னு நீட்டினாங்க. வாங்கிட்டேன். அப்புறம் அவங்க திருப்பிக் கேக்கவே இல்ல.