நான்காவது மாதிரி

ஆய்விதழுக்குக் கட்டுரை அனுப்புகிறவர்கள் பெரும்பாலும் தாளின் ஓரத்தில்தான் தவறு செய்கிறார்கள். நான்கு பக்கமும் ஓர் அங்குலம் விட வேண்டும் என்று இதழ்க்காரர்கள் தெளிவாகச் சொல்லியிருப்பார்கள். நம் ஆட்கள் தாளை மிச்சம் பிடிப்பதாக நினைத்து நெருக்கி அடித்து அனுப்புவார்கள். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காமலேயே அது திரும்பி வந்துவிடும். கல்லூரியில் வேதியியல் நடத்தும் நான் இதை எத்தனையோ பேரிடம் சொல்லிப் பார்த்துவிட்டேன்.

சூலக்கரை போலீஸ் ஸ்டேஷனுக்கு வரச் சொல்லி, நாற்காலி போட்டு, டீ வாங்கிக் கொடுத்து, "நடந்ததை உங்க கைப்பட எழுதிக் கொடுங்க சார்" என்றீர்கள். மரியாதையாகக் கேட்டதால் எதையும் விடாமல் எழுதுகிறேன். செல்லப்பாண்டி என்கிற நான் சுயநினைவோடுதான் எழுதுகிறேன் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மாரிசெல்வி என்னிடம் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தவள். அச்சங்குளத்துப் பெண். அப்பா செல்லச்சாமி பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்குகிறவர். அவருக்கு முந்தின தலைமுறை முழுக்கக் காட்டு வேலைக்குப் போன குடும்பம். பெண் கெட்டிக்காரி. மேற்கோள் பட்டியலில் அரைப்புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் காற்புள்ளி இருந்தால் அவள் கண் நேராக அங்கே போய் நிற்கும். அப்படி ஒரு மாணவி எனக்கு அதற்கு முன் வாய்த்ததில்லை.

கலந்து வைத்த பட்டாசு மருந்து மழைக்காலத்தில் ஈரம் இழுத்தால் தானாகச் சூடேறுமா என்பதுதான் எங்கள் ஆய்வு. நான்கு கம்பெனிகளில் மாதிரி வாங்கினோம். கம்பெனிப் பெயர் கட்டுரையில் வரக் கூடாது என்பதால் டப்பாக்களில் ஒன்று முதல் நான்கு வரை எண் ஒட்டினேன். எந்த எண் யாருடையது என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். அவளுக்குத் தெரியாமல் இருந்தால்தான் அவள் எடுக்கிற அளவுகளில் பாரபட்சம் இருக்காது. உலகம் முழுக்க உள்ள நல்ல வழக்கம் அது.

மூன்று மாதிரிகள் சும்மா கிடந்தன. நான்காவது சூடேறியது. ஈரக் காற்றில் ஓர் இரவு விட்டால் மறுநாள் காலையில் தொட்டாலே தெரிந்தது. அந்த நிலைக்கு வந்துவிட்டால் லேசான உரசல் போதும். மாரிசெல்வி திரும்பத் திரும்பச் செய்து பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் அதேதான்.

"சார், இந்தக் கம்பெனிக்காரககிட்ட இப்பவே சொல்லிரணும்ல?" என்று கேட்டாள்.

"கட்டுரை வெளிவரட்டும். அப்புறம் சொல்லலாம்" என்றேன்.

காரணம் இருந்தது. முடிவுகள் இதற்கு முன் எந்த வடிவிலும் வேறெங்கும் வெளியிடப்பட்டிருக்கக் கூடாது என்பது அந்த வெளிநாட்டு இதழின் விதி. வாயால் சொல்வதும் ஒரு வடிவம்தான் என்று எடுத்துக்கொண்டேன். தவிர, சொன்னால் என்ன நடக்கும்? அந்த மருந்தை எங்காவது குழி தோண்டிப் புதைத்துவிட்டு, மறுநாள் வழக்கம்போல வேலையைத் தொடங்குவார்கள். சிவகாசியைச் சுற்றி உள்ள மற்ற கம்பெனிகளுக்கு ஒன்றும் தெரியாமலே போகும். நல்ல இதழில் வந்தால் அதிகாரிகள் படிப்பார்கள், விதிகள் மாறும், எத்தனையோ உயிர் பிழைக்கும். அப்போதும் அப்படித்தான் நினைத்தேன். இப்போதும் அப்படித்தான்.

அவள் போகவில்லை. கையில் துணியை வைத்துக்கொண்டு துடைத்த மேஜையையே துடைத்தாள்.

"நாலாவது எங்கப்பா கம்பெனியா இருந்துராதுல்ல, சார்?"

"இல்லம்மா. உங்க அப்பா கம்பெனி ஒண்ணாவது."

இந்த ஆய்வில் நான் சொன்ன ஒரே பொய் அது. கட்டுரையில் அது எங்கும் இடம்பெறவில்லை.

பிறகு கட்டுரையை ஒழுங்கு செய்யும் வேலை. விருதுநகரில் சாதிக் பாட்சா என்பவர் கல்யாணப் பத்திரிகை அடித்துக் கொடுக்கும் டி.டி.பி. சென்டர் வைத்திருக்கிறார். வரிக்கு வரி இரட்டை இடைவெளி வேண்டும் என்றதும் அவருக்கு மனசு கேட்கவில்லை. "பாதித் தாளு வெறுமனேல்ல போகுது சார், பாக்கவே பாவமா இருக்கு" என்றார். அட்டவணைகளில் நெடுக்குக் கோடு கூடாது, படங்கள் தனித் தாளில் இருக்க வேண்டும், சுருக்கம் சொன்ன அளவைத் தாண்டக் கூடாது என்று ஒவ்வொன்றாகச் சொல்லி அடித்து வாங்கினேன். சுருக்கம் கொஞ்சம் நீண்டுவிட்டது. தொழிலாளர்களுக்கு ஆபத்து என்ற வாக்கியத்தை எடுத்ததும் சரியாக வந்தது. மூன்று பிரதிகள் எடுத்து, ஒரு சி.டி.யும் சேர்த்து அனுப்பினேன்.

சில மாதம் கழித்து பதில் வந்தது. முதல் மதிப்பீட்டாளர் கட்டுரையின் அமைப்பைப் பாராட்டியிருந்தார். அதை மாரிசெல்விக்கும் வாசித்துக் காட்டினேன். இரண்டாமவர், ஆய்வகத்தில் நடந்தது சரி, உண்மையான தொழிற்சாலையில் இப்படி நடக்கும் என்பதற்குக் கள ஆதாரம் இல்லையே, அது இல்லாமல் ஏற்க இயலாது என்று எழுதியிருந்தார். எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. நான் மதிப்பீட்டாளராக இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன்.

காற்றின் ஈரத்தை அளக்கும் சின்னக் கருவி நான்கு வாங்கினேன். ஒரு கம்பெனிக்கு ஒன்று கொடுத்தேன். எனக்குத் தேவைப்பட்டது ஒன்றுதான். மற்ற மூன்றும் ஒப்பீட்டுக்கு. அச்சங்குளத்தில் கருவியைச் செல்லச்சாமியிடமே கொடுத்து, தினமும் காலையில் மருந்து அறையில் அளவு பார்த்துவிட்டு, ஆபீஸ் ரூமிலிருந்து எனக்குப் போனில் சொல்லச் சொன்னேன். மனிதருக்கு ஒரே பெருமை. "எம் மவ படிப்புக்கு நான் என்னத்தய்யா செஞ்சிருக்கேன். இதக்கூடச் செய்ய மாட்டனா" என்றார். கருவியை மாட்ட அவரே ஆணி அடித்தார். அதன் பிறகு ஒரு நாள்கூடத் தவறியதில்லை. வேலைக்கு லீவு போட்ட அன்றும் சைக்கிளில் போய்ப் பார்த்துச் சொன்னார்.

மருந்தைக் கலந்த அன்றே தீர்த்துவிட வேண்டும், மிச்சம் வைக்கக் கூடாது என்பது எல்லாக் கம்பெனியிலும் உள்ள கட்டுப்பாடு. தீபாவளி சீசனில் ஆர்டர் நெருக்கும்போது அதை யாரும் பார்ப்பதில்லை. ஐப்பசி அடைமழை அந்த வருடம் முன்கூட்டியே பிடித்துக்கொண்டது. நான் காத்திருந்தேன் என்று நீங்கள் எழுதிக்கொள்ள விரும்பினால், அந்தச் சொல்லில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

அன்று காலையும் போன் வந்தது. அளவைச் சொன்னார். ஆய்வகத்தில் நான்காவது மாதிரி சூடேறிய அதே அளவு. குறித்துக்கொண்டேன். அவர் போனை வைக்கவில்லை.

"ஐயா, நேத்துக் கலந்த மருந்து கொஞ்சம் மிஞ்சிக் கெடக்கு. தொட்டா வெதுவெதுன்னு இருக்கு. போர்மேன் அதையும் சேத்து அள்ளிக் குடுக்கச் சொல்றாக. லோடு ஏத்தணுமாம். அள்ளலாமாய்யா? நீங்க படிச்சவுக, உங்களக் கேட்டுக்கிருவோம்னுதான்."

"கை பொறுக்குற சூடா?" என்று கேட்டேன்.

"பொறுக்குதுய்யா. கோழிமுட்டச் சூடுதான்."

"போர்மேன் சொல்றபடி செய்யுங்க" என்றேன்.

அவர் நன்றி சொல்லிவிட்டுப் போனை வைத்தார். கட்டுரையில் கோழிமுட்டைச் சூடு என்று எழுத முடியாது. உடல் வெப்பத்தை ஒட்டிய நிலை என்று எழுதினேன்.

எனக்கு அன்று முதல் பீரியடு இருந்தது. நடத்தினேன். அதை முடித்து வந்தபோது பியூன் விஷயத்தைச் சொன்னான். அரைநாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுச் சாத்தூர் போய் அங்கிருந்து அச்சங்குளம் போனேன். கேமராவை முந்தின வாரமே பையில் எடுத்து வைத்திருந்தேன். இதழுக்குப் படம் தெளிவாக இருக்க வேண்டும், நிழல் விழக் கூடாது. மேகமூட்டம் அதற்கு வசதியாக இருந்தது. ஷெட் தரையோடு போயிருந்தது. சுவரில்லாததால் நான்கு பக்கமிருந்தும் எடுக்க முடிந்தது.

செல்லச்சாமி, அவரிடம் மருந்து வாங்க வந்து நின்ற ராக்காயி, வீரலட்சுமி. பத்துக்குக் குறைந்த எண்ணை எழுத்தால் எழுத வேண்டும் என்பது அந்த இதழின் விதி. "மூன்று தொழிலாளர்கள்" என்று எழுதினேன்.

ஆஸ்பத்திரியில் செல்லச்சாமியின் மனைவி சோலையம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சார், காலையில உங்களோடதான பேசுனாக. என்ன சொன்னாக?"

"அளவு சொன்னாரும்மா" என்றேன். அது உண்மை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து மாரிசெல்வி கல்லூரிக்கு வந்தாள். இளைத்துப் போயிருந்தாள். கள ஆதாரம் என்ற புதிய பகுதியைச் சேர்த்துக் கட்டுரையைத் திருத்தி முடித்திருந்தேன். மேற்கோள் பட்டியலைச் சரிபார்க்க அவளை விட்டால் எனக்கு ஆள் இல்லை. கூட்டாசிரியர் என்ற முறையில் அவள் படிக்கவும் வேண்டும். நின்றபடியே படித்தாள். ஒரு பக்கத்துக்கு வந்ததும் அதைத் தாண்டவில்லை.

"நாலாவதுதான் எங்கப்பா கம்பெனியா, சார்?"

"ஆமாம்மா."

"ஒண்ணாவதுன்னீகளே."

"அப்ப சொல்லியிருந்தா நீ வீட்டுல போய்ச் சொல்லியிருப்ப."

"சொல்லியிருப்பேன், சார்."

"அதான்" என்றேன்.

அவள் மறுபடியும் அந்தப் பக்கத்தைப் பார்த்தாள். குரல் உயரவில்லை. அந்தப் பெண்ணிடம் எனக்குப் பிடித்தது அந்த நிதானம்தான்.

"வெதுவெதுப்பா இருந்துச்சுன்னு போட்டிருக்கீக. அது எப்படித் தெரியும் உங்களுக்கு?"

"உங்க அப்பா போன்ல சொன்னார். அள்ளலாமான்னு கேட்டார்."

"நீங்க என்ன சொன்னீக?"

சொன்னேன். மறைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. அவளும் ஆய்வாளர், புரிந்துகொள்வாள் என்று நினைத்தேன். தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி என் மேஜையில் வைத்துவிட்டு வெளியே போனாள். நேராக இங்கேதான் வந்திருக்கிறாள் என்பது உங்கள் ஆள் வந்து என்னைக் கூப்பிட்டபோதுதான் தெரிந்தது.

தெரிந்தே செய்தீர்களா என்று கேட்டீர்கள். தெரிந்துதான் செய்தேன். வேண்டாம் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் செல்லச்சாமி அந்த மருந்தைத் தொட்டிருக்க மாட்டார். மூன்று பேரும் அன்று சாயங்காலம் கம்பெனி வேனில் ஏறி வீட்டுக்குப் போயிருப்பார்கள். இரண்டாம் மதிப்பீட்டாளருக்கு நான் பதில் எழுதியிருக்க முடியாது. இதை நீங்கள் எந்தச் சட்டப்பிரிவில் சேர்த்தாலும் நான் மறுக்கப்போவதில்லை.

எனக்கு ஒரே ஒரு வருத்தம். கட்டுரையை ஏற்க வேண்டுமானால் ஆசிரியர்கள் எல்லோரும் உரிமைப் படிவத்தில் கையெழுத்திட வேண்டும். மாரிசெல்வி போடாமலே போய்விட்டாள். அவள் பெயரை எடுத்துவிட்டு அனுப்பலாம்தான், ஆனால் அளவுகள் அவள் எடுத்தவை, அது நேர்மையாகாது. இந்த மாதக் கடைசி வரை இதழ்க்காரர்கள் அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். நீங்கள் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொன்னால் கேட்பாள். என்னால் ஆனதை நான் செய்துவிட்டேன். அந்த மூன்று பேரின் சாவு யாருக்கும் பயனில்லாமல் போகுமானால், அந்தப் பாவம் முழுக்க அவளைத்தான் சேரும்.